ஐந்து வரிக் கடதாசியும் கூரையில்லாத வீடும்

இன்டர்நெட் லைன் பூட்டுகிறவனுடைய பிழைப்பு எப்படியென்றால், லைன் ஓடுகிற நாளில் அவன் பெயர் ஒருத்தருக்கும் ஞாபகம் இராது. லைன் நின்ற நாளில் அவன் பெயரோடு அவன் வாப்பாவின் பெயரும் சேர்ந்து ஊருக்கே ஞாபகம் வரும்.

போனை எடுத்து 'ஹலோ' சொல்ல முன்னமே 'லைன் இல்ல' என்று ஏச்சு வாங்கினவர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால் வாருங்கள், பக்கத்தில் இருங்கள், நீங்கள் நம்மட ஆள். அந்த ஏச்சைக் கொடுத்தவர்களும் வாசிக்கலாம். உங்களோடு எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் காட்டமாட்டேன்.

சுனாமிக்குப் பிறகு கல்முனைப் பக்கம் ஒழுங்கைக்கு ஒழுங்கை வெள்ளைக்காரர் நிவாரண அலுவலகம் திறந்தார்கள். அவர்களுக்கு இன்டர்நெட் வேண்டும். அந்தச் சாட்டில் ஒரு கொழும்புக் கம்பனியின் ஏஜென்சி கல்முனையில் ஒரு கடை மாடியில் வந்தது. வயர் இழுக்கிற வேலை இல்லை. கோபுரத்திலிருந்து காற்றில் வரும், வீட்டுக் கூரையில் ஒரு அன்டெனா பூட்டி அதைப் பிடிக்க வேண்டும். எனக்குக் கம்பியூட்டர் தண்ணிபட்ட பாடு என்று சொல்லி அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் நான் கம்பியூட்டரில் செய்த ஒரே வேலை சீட்டு விளையாடினதுதான்.

கட்டில் நம்பர்

ஏஜென்சியில் எனக்கு மூத்தவர் சிவா அண்ணன். பாண்டிருப்பு ஆள். முதல் நாளே என் கையில் ஒரு கடதாசியைத் தந்தார். அதில் ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் நம்பர், புள்ளி, நம்பர், புள்ளி. ஐ.பி. அட்ரஸ், சப்நெட் மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். ஒன்று, டி.என்.எஸ். இரண்டு. லைன் எடுக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் கொழும்பிலிருந்து இப்படி ஐந்து வரி வருமாம், நாங்கள் வீடு வீடாகப் போய் அவர்களுடைய கம்பியூட்டரில் அதை அடித்துக் கொடுக்க வேண்டுமாம். நான் எல்லாம் விளங்கினவன் மாதிரித் தலையை ஆட்டினேன். ஆட்டின விதத்திலேயே அவருக்குச் சங்கதி தெரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கியாடா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப கேள். ஐ.பி. எண்டா உன்ட கட்டில் நம்பர். ஒரு கட்டில்ல ரெண்டு நோயாளி படுக்கேலா. மாஸ்க் எண்டா நீ எந்த வார்ட்டுக்காரன் எண்டு காட்டுறது. கேட்வே எண்டா அந்த வார்ட்டுக் கதவு, வெளிய போறதெண்டா அதாலதான் போகணும். டி.என்.எஸ். எண்டா வாசல்ல இருக்கிற ஆள். நீ பேரச் சொன்னாப் போதும், அந்த ஆள் எத்தினையாம் வார்ட்டு, எத்தினையாம் கட்டில் எண்டு அவன் தேடிச் சொல்லுவான்."

கட்டிலும் கதவும் வாசல்காரனும் விளங்கியது. மாஸ்க் விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன், சொன்னார். மூன்றாந்தரமும் கேட்டேன். அவர் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். "விளங்காட்டியும் பரவாயில்லடா, கடதாசியில இருக்கிறத இருக்கிறபடி அடி. விளங்கினவனெல்லாம் கொழும்புக்குப் போயிட்டான்."

ஒரு வடிவுக்கு

நம்மட ஊர்களில் அரைவாசி ஆம்பிளைகள் வளைகுடா நாட்டில். அவர்களோடு கதைக்கத்தான் வீட்டுக்கு லைன் எடுப்பது. அப்படியென்றால் லைன் எடுக்கிற வீட்டில் இருப்பது பெண்கள். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் நான் போய்க் கம்பியூட்டருக்கு முன்னால் குந்த முடியுமா? அதனால் எங்கள் தொழிலுக்கென்று ஒரு முறை தானாக உண்டானது. நான் விறாந்தைக் கதிரையில். வீட்டுக்காரி உள்ளே, சீலைத் திரைக்கு அப்பால், கம்பியூட்டரோடு. நான் நம்பரைக் கத்துவேன், அவ அடிப்பா. எங்கே அமத்துவது, எந்தப் பெட்டி திறக்கும், எந்தப் பெட்டியை மூடுவது எல்லாம் என் வாயாலே. கம்பியூட்டரைக் கண்ணாலும் காணாமல் திருத்துகிற வித்தையை வேறு எந்த ஊர்க்காரனாவது படித்திருக்கிறானா தெரியாது. நான் படித்தேன். மாலையில் வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டி, உம்மா கொத்தமல்லி அவித்துத் தருவா.

மருதமுனையில் ஹாஜறா ராத்தா என்று ஒரு அக்கா. வீட்டுக்குப் பின்னால் கைத்தறி. கட்டம் போட்ட சாரன் நெய்வதில் கெட்டிக்காரி. அவவுக்கு ஐந்து வரியையும் கத்தினேன். அடித்து முடிந்தது என்றா. லைன் வரவில்லை. முதலிலிருந்து கத்தினேன். வரவில்லை. திரைக்குக் கீழால் ஒரு தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு மறுகாவும் கத்தினேன். அடுத்த வீட்டுக்காரருக்கும் அந்த நம்பர் பாடமாகியிருக்கும். ரெண்டாவது தேத்தண்ணியும் வந்தது, லைன் மட்டும் வரவில்லை.

கடைசியில் எனக்கு ஒரு புத்தி வந்தது. "ராத்தா, நீங்க அடிச்சத எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். மாஸ்க் வரி வந்தது. நான் சொன்னது 255.255.255.0. அவ வாசித்தது நாலு இடத்திலும் 255. "ராத்தா, கடைசியில சைபர் எண்டுதானே சொன்ன? பெட்டி ஒண்டும் வரல்லியா?" பெட்டி வந்து இங்கிலீஸில் என்னமோ சொன்னதாம், அவ அதை மூடிவிட்டாவாம். கொஞ்சமும் வெட்கப்படாமல் காரணமும் சொன்னா. "மூணு கட்டம் ஒரே மாதிரி வந்து நாலாவது மட்டும் வெறுங்கட்டமாக் கிடந்தா பாக்க நல்லா இல்லியே தம்பி, அதான் ஒரு வடிவுக்கு அதையும் நிரப்பினன்."

தென்னை மரத்தில் அன்டெனா

இனி ஆதம்பாவா காக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும், காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். இதற்குப் பிறகு வருவதெல்லாம் அவருடைய லைனின் கதைதான்.

சாய்ந்தமருதில் மீன்பிடிக்கிறவர். வீட்டையும் தோணியையும் பெண்சாதியையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. மிச்சம் இருந்தது மகள் பர்ஸானா. எங்கட பக்கத்து வழமை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு இல்லையென்றால் கலியாணம் இல்லை. பர்ஸானாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை நியாஸ், பொத்துவில் ஆள், கட்டாரில் டிரைவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் லீவு. வருகிற லீவுக்கு முன்னம் வீடு முடியாவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லி அனுப்பியிருந்தா. அவவுக்குக் கால் ஏலாது, பொத்துவிலிலிருந்து பஸ் ஏறி, ஆமிச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடந்து வந்து பார்க்க முடியாது. கேள்விப்படுகிறதுதான்.

வீடோ, கடலுக்குக் கிட்டக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லி, பிறகு உள்ளே ஒரு துண்டுக் காணி கிடைத்து, செவர் எழும்பவே மூன்று வருஷம் போய்விட்டது. கூரைக்குப் பொறுப்பெடுத்த வெள்ளைக்கார அலுவலகத்துக்கு வேறொரு நாட்டில் வேறொரு கஷ்டம் வந்து, அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, நாலு பக்கமும் செவர், மேலே வானம். அதில் ஒரு செவருக்கு மட்டும் பூச்சுப் பூசிப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். வாப்பாவும் மகளும் பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, லீவில் வந்த ஒரு கூட்டாளியிடம் லெப்டொப் ஒன்று கொடுத்தனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் மாமாவோடு கதைக்க வேண்டுமாம், வீட்டையும் பார்க்க ஆசையாம். ஆதம்பாவா காக்கா லைன் கேட்டு ஏஜென்சிக்கு வந்தார். அவருடைய திட்டத்தை என்னிடம் மறைக்கவில்லை. "பச்சைச் செவத்துக்கு முன்னால கதிரையப் போட்டுக் குந்துவன் மனே. அத மட்டும் காட்டுவன். மத்ததுக்கு அல்லாஹ் இருக்கான்" என்றார். பொய் பொய்தான். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்டெனாவைக் கூரையில் பூட்டவும் என்று கம்பனிப் புத்தகத்தில் இருக்கிறது. கூரையில்லாத வீட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வளவில் ஒரு தென்னை நின்றது. ஏறினேன். எனக்கு மரம் ஏறிப் பழக்கமில்லை. நெஞ்சுத் தோல் உரிய உரிய ஏறி, அன்டெனாவைக் கட்டி, மேலே இருந்தே ஐந்து வரியையும் கத்தினேன். கொட்டிலுக்குள் பர்ஸானா அடித்தா. "வந்திட்டா?" என்று நான் கத்த, "வந்திட்டா?" என்று கீழே நின்று வாப்பா கத்த, "வரல்ல" என்று உள்ளே இருந்து மகள் கத்த, அதை வாப்பா திருப்பி எனக்குக் கத்தினார். அன்டெனாவை வடக்கே திருப்பினேன், தெற்கே திருப்பினேன். காற்றுக்கு மரம் ஆடுவதால்தான் லைன் வரவில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். மூன்று நாள், மூன்று தரம் ஏறினேன். மூன்றாம் நாள் பாதி மரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து ஆதம்பாவா காக்கா அண்ணாந்து பார்த்துச் சொன்னார். "மனே, ஏறினதுக்கு ரெண்டு தேங்காயாவது பறிச்சுப் போடு, சும்மா இறங்காத."

ஏழும் ஒன்றும்

நாலாவது தரம் சிவா அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் சாவடி. இறங்கி நடந்தோம். ஆமிக்காரப் பொடியன் என் பையைத் துழாவி, வாடிக்கையாளர்களின் நம்பர் எழுதின கொப்பியை எடுத்தான். பக்கம் பக்கமாக நம்பர், புள்ளி, நம்பர், புள்ளி. அவன் என்னைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான், சிவா அண்ணனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். அந்த நாளில் அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தாலே சந்தேகத்துக்குப் போதும், கையில் விளங்காத நம்பர்க் கொப்பியும் இருந்தால் சொல்லவா வேண்டும். அரைகுறைச் சிங்களத்தில் 'இன்டர்நெட், இன்டர்நெட்' என்றேன். அவன் கொப்பியோடு உள்ளே போய்விட்டான். சிவா அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டார். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. என்னை விட்டுவிடுவார்கள், இவரை வைத்துக்கொள்வார்களோ என்றுதான் பயம்.

உள்ளே இருந்து ஒரு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட இளம் ஆள். கொப்பியின் கடைசிப் பக்கத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். அது ஆதம்பாவா காக்காவின் பக்கம். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து ஒரு இடத்தில் வட்டம் போட்டார். முடிந்தது நம்மட கதை என்று நினைத்தேன். தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, மற்றதை அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழில் சொன்னார். "மல்லி, ஐ.பி. ஏழு. கேட்வே ஒண்டு. இது வேலை செய்யாதுதானே?"

குனிந்து பார்த்தேன். ஐ.பி. 192.168.7.41. கேட்வே 192.168.1.1. கொழும்பிலிருந்து வந்தது 192.168.7.1 என்றுதான். கொப்பியில் பதியும்போது மேலே இருந்த வேறு ஆளுடைய வரியைப் பார்த்து நானே பிழையாக எழுதியிருக்கிறேன். ஏழாம் வார்ட்டு நோயாளிக்கு ஒன்றாம் வார்ட்டுக் கதவைக் காட்டினால் அவன் எப்படி வெளியே போவான்? மூன்று நாள் நெஞ்சுத் தோல் உரிந்தது இந்த ஒரு நம்பருக்காக. அதிகாரி சிரித்துக்கொண்டு கொப்பியையும் அட்டையையும் தந்தார். கம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தவராம், பாதியில் விட்டுவிட்டு ஆமிக்கு வந்தவராம். சாவடி தாண்டி அரை மைல் போயிருப்போம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த சிவா அண்ணன் என் முதுகில் ஒரு அடி போட்டார். "அந்த மனுசன் நல்ல மனுசன்டா. வேற ஆரும் எண்டா, தென்னை மரத்துல ஏறி நம்பர் கத்தினவன் எண்டு உன்னத்தான் முதல்ல பிடிச்சிருப்பாங்க."

நார்சா

அன்றைக்கே கேட்வேயை மாற்றினோம், லைன் வந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் ஆதம்பாவா காக்காவுக்குப் பெருநாள் மாதிரி. கட்டாரில் ஜும்ஆ முடிய இங்கே மூன்று மணி. பச்சைச் செவருக்கு முன்னால் கதிரை. வெள்ளைச் சட்டை, தொப்பி. பர்ஸானா லெப்டொப்பைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் தொங்கவிட்ட சீலைக்குப் பின்னால் போய்விடுவா. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பார்க்க ஆசை இருந்திருக்காதா? ஆனால் கிழமைக்குக் கிழமை அந்த மனுசன் கண்டது மாமாவின் தாடியையும் பச்சைச் செவரையும்தான்.

நாலைந்து மாசம் இப்படி ஒழுங்காகப் போனது. பிறகு கரச்சல் துவங்கியது. மற்ற நாளெல்லாம் லைன் ஓடும், வெள்ளி மூன்று மணிக்கென்று வெட்டுப்படும். ஒரு வெள்ளி மாப்பிள்ளை சலாம் சொன்னதோடு போனது, அடுத்த வெள்ளி சலாமும் இல்லை. மாப்பிள்ளையின் லீவுக்கு ஒரு மாசம்தான் இருந்தது. இந்தக் கதை எப்படியோ பொத்துவிலுக்குப் போய், 'கூரையக் காட்டச் சொல்லுவம் எண்டு பயந்து வேணுமெண்டே லைன வெட்டுறாங்க' என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லத் துவங்கிவிட்டா. பாவம் ஆதம்பாவா காக்கா, பொய் சொன்ன இடத்தில் பிடிபடாமல், செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டார்.

பர்ஸானா எனக்குப் போன் எடுத்தா. "காக்கா, மூணு மணிக்கு ஒரு பெட்டி வருது. இதே நம்பர் வேறொரு கம்பியூட்டர்லயும் இருக்கெண்டு சொல்லுது" என்றா. எனக்குப் பொறி தட்டியது. பக்கத்து வீடு இப்றாலெவ்வை காக்கா, அவரும் எங்கள் வாடிக்கையாளர். போய்த் திறந்து பார்த்தால் அங்கேயும் 41. அவருடைய மருமகன் வீட்டில் திறந்து பார்த்தால் அங்கேயும் 41. தங்களுடைய லைனில் படம் இழுபடுகிறதாம், ஆதம்பாவா வீட்டில் படம் கண்ணாடி மாதிரித் தெரிகிறதாம், அதனால் அந்த ஐந்து வரியையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்களாம். கிழமை நாளில் அவர்கள் கடையில். வெள்ளி ஜும்ஆ முடித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மூன்று வீட்டிலும் கம்பியூட்டர் திறந்தால், ஒரு கட்டிலில் மூன்று நோயாளி.

வந்த கோபத்துக்கு ஒழுங்கையே கேட்கக் கத்தினேன். கந்தூரிச் சோற்றை வீட்டுக்கு வீடு நார்சா கொடுக்கிற மாதிரி ஐ.பி. நம்பரையும் பங்கு போட்டிருக்கிறீர்களே, உங்களுக்கு விசரா என்று கேட்டேன். ஆதம்பாவா காக்கா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "தண்ணி கேட்டாக் குடுக்கிறம், நெருப்புக் கேட்டாக் குடுக்கிறம், நல்லா ஓடுற நம்பர் ஒண்டு கையில இருக்கக்குள்ள பக்கத்து வீட்டானுக்கு இல்லையெண்டு எப்படி மனே சொல்ற?"

பச்சைச் செவர்

அந்த வெள்ளி நானே நேரில் போனேன். இப்றாலெவ்வை காக்காவும் மருமகனும் தங்கள் தங்கள் நம்பருக்குத் திரும்பிவிட்டதாகச் சத்தியம் பண்ணியிருந்தார்கள். சத்தியத்தை நம்பித் தொழில் செய்ய முடியாது. மூன்று மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி மறுகாவும் அந்தப் பெட்டி வந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு, கொழும்பிலிருந்து புதிதாக வாங்கி வந்த நம்பரை அடித்தேன். நம்பர் அடித்த பெட்டியை மூடுவதற்குள் மாப்பிள்ளையின் முகம் திரையில் வந்துவிட்டது. நான் ஒரு பக்கமாக ஒதுங்க, ஆதம்பாவா காக்கா வந்து குந்தினார்.

சலாம் முடிந்தது. சுகம் விசாரித்தது முடிந்தது. பிறகு நியாஸ் கேட்டார். "மாமா, உம்மா கூரையப் பாத்துச் சொல்லச் சொல்றா. பாத்த பிறகுதான் டிக்கட் போடணுமாம். காட்டுவீங்களா?"

 ஆதம்பாவா காக்கா திரையைப் பார்த்துச் சிரித்தபடி, வாய் அசையாமல் என்னிடம் மெல்லச் சொன்னார். "மனே, லைன வெட்டு. அல்லாஹ்வுக்காக வெட்டு." நம்பர்ப் பெட்டி இன்னும் திறந்துதான் கிடந்தது. ஒரு இலக்கத்தை மாற்றினால் போதும், கட்டார் போய்விடும். ஒருத்தரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள், எங்கட லைன் வெட்டுப்படுவது உலகத்துக்கே தெரியும். என் விரல் அந்த இலக்கத்துக்கு மேலே நின்றது. வெட்டினால் இந்தக் கிழமை தப்பலாம். வெட்டாவிட்டால் அந்தப் பிள்ளையின் கலியாணம் இப்போதே நின்றுபோகலாம். இத்தனை மாசமாகக் கதைத்தும் கத்தியும் பழகின குடும்பம். எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்.

"காக்கா, நம்பரத் தொடவேணாம்" என்று சீலைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. பர்ஸானா வெளியே வந்தா. முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ரெண்டு கையாலும் லெப்டொப்பைத் தூக்கி, மேலே பார்க்கத் திருப்பினா. கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானமும் தென்னோலையும். "கூரை இல்ல" என்றா. "பொய் சொல்லிக் கலியாணம் முடிக்க எனக்கேலா. முடிக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம்." வயர் இழுபட்டுவிடுமோ என்று நான் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுபக்கம் சத்தமில்லை.  "லைன் போயிட்டா மனே?" என்று ஆதம்பாவா காக்கா கேட்டார். அப்படிப் போயிருந்தால் நல்லது என்ற ஆசை அந்தக் கேள்வியில் இருந்தது. பார்த்தேன். அந்த ஆறு மாசத்தில் ஓடாத ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது லைன். "லைன் இருக்கு காக்கா, அவர்தான் கதைக்கல்ல" என்றேன். பர்ஸானா லெப்டொப்பை இறக்கி வைத்தா.

"மாமா" என்றார் நியாஸ். "முதல் வெள்ளியே எனக்குத் தெரியும். உங்கட தலைக்கு மேல, செவத்துல தென்னோல நிழல் ஆடிச்சு. கூரை போட்ட வீட்டுக்குள்ள தென்னோல நிழல் எங்கால வரும்?"

ஆதம்பாவா காக்கா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "அப்ப ஏன் மனே ஆறு மாசமாக் கேக்கல்ல?" என்றார்.

"கிழமைக்குக் கிழமை வெயிலுக்குள்ள சட்டை போட்டு, ஆடாம அசையாம அந்தச் செவத்துக்கு முன்னால குந்திக்கிட்டு இருப்பீங்க. அதக் காணக்குள்ள எனக்குக் கேக்க வாய் வரல்ல மாமா" என்றார் நியாஸ். அந்த இடத்தில் அவரும் அழுதார், நானும் அழுதேன், சீலைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. பிறகு மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "கூரைச் சீற்றுக்கும் மரத்துக்கும் சொல்லிட்டன், வாற கிழமை வந்திறங்கும். ஏறி அடிக்கிறதுக்கு நான் வாறன். உம்மா பொத்துவில்ல ஒரு கடைக்குப் போய் லைன்ல பாக்கப் போறாவாம். கூரைய நான் பாத்திட்டன் எண்டு அவவுக்குச் சொல்லிக்கிறன், நீங்க அந்தப் பச்சைச் செவரையே காட்டுங்க மாமா, நிழல் விழாத நேரமாப் பாத்து."

நிக்காஹ்

நியாஸ் வந்து இறங்கின மாசத்தில்தான் யுத்தமும் முடிந்தது. வந்த மூன்றாம் நாளே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கூரை வளைமரத்தில் ஏறிவிட்டார். புது மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் கூரை போடுவதைப் பார்க்க ஒழுங்கை முழுக்கச் சனம். கீழே நின்று சீற்றுத் தூக்கிக் கொடுத்தது நானும் சிவா அண்ணனும், கூடவே இப்றாலெவ்வை காக்காவின் மருமகனும். அவனைச் சும்மா விடுவேனா? தென்னையிலிருந்து அன்டெனாவையும் கழற்றி, கம்பனிப் புத்தகத்தில் இருக்கிறபடி கூரையில் பூட்டினேன்.

நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளையின் உம்மா பொத்துவிலிலிருந்து வந்தா. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அண்ணாந்து கூரையைப் பார்த்து, மாஷா அல்லாஹ் சொன்னா. நாங்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றைக்கும் பொத்துவிலில் பெண் பார்க்கப் போகிறவர்களுக்கெல்லாம் அவ சொல்லுகிற புத்திமதி ஒன்றுதானாம். "உறுதியா நிண்டு கேக்கணும்கா, நான் உறுதியா நிண்டபடியாத்தான் என்ட மகனுக்குக் கூரையும் முகடுமா வீட்ட முடிச்சுக் குடுத்தாங்க."

இத்தனை வருஷமாக லைன் வரவில்லையே என்று பயந்து பயந்தே பிழைத்தவன் நான், லைன் வந்துவிட்டதே என்று பயந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.